எலும்பு மீனை எதைக் கொண்டு அறிவது? முதுநகர்த் துறைமுகத்தில் எழுந்த ஒரு கேள்வி

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். அவள் 11ஆம் வகுப்பில் விலங்கியல் படிக்கிறாள். மீன்களைக் குருத்தெலும்பு மீன்கள் என்றும் எலும்பு மீன்கள் என்றும் பிரிக்கும் பாடத்தை வாரம் முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால், படத்தில் பார்ப்பதைவிடக் கூடையில் பார்த்தால் நன்றாக மனத்தில் நிற்கும் என்று நினைத்தேன்.

ஏலம் முடிந்து கூறு வைத்திருந்த இடத்தில் சங்கரா, பன்னா, கவலை, வாளை ஆகியவற்றுக்கு நடுவில் இரண்டு குட்டிச் சுறாக்களும் ஒரு திருக்கையும் கிடந்தன. என் மகள் விற்பவரிடம், "இதில் எதற்கெல்லாம் எலும்பு இருக்கிறது, எதற்கெல்லாம் இல்லை என்று வெட்டாமலே சொல்ல முடியுமா, அத்தை?" என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒரு சங்கராவின் செவுள் மூடியை விரலால் நெம்பித் தூக்கிக் காட்டினார். பிறகு சுறாவின் கழுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "மூடி இருந்தா முள்ளு மீனு, கோடு கோடா கிழிஞ்சிருந்தா முள்ளு இல்லாத மீனு. அவ்வளவுதான் பாப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு வாதிடத் தொடங்கினாள். பாடநூலில் எலும்புக்கூடு, செதில், செவுள் மூடி, வால் துடுப்பு, காற்றுப்பை, வாய் அமைந்திருக்கும் இடம் என்று அரைப் பக்கத்துக்கு வேறுபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது முதன்மையானது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மீன் விற்கும் அம்மாள் ஒரே ஒரு அடையாளத்தில் நின்றுவிட்டார். அவர் சொன்னது போதுமா என்பதே என் கேள்வி.

உப்பனாறு எழுதியது:

ஐயா, அந்த அம்மாள் சொன்னது விரைவாகப் பிரித்தெடுக்க உதவும் நல்ல குறிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பெயரிலேயே விடை இருக்கும்போது வேறு எங்கும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. சங்கராவின் எலும்புக்கூடு நம்முடைய எலும்பைப் போலவே கால்சியம் பாஸ்பேட் படிந்து இறுகிய திசுவால் ஆனது. சுறா, திருக்கை, உழுவை ஆகியவற்றின் எலும்புக்கூடு நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பால் ஆனது. இதுவே அடிப்படை. செவுள் மூடி முதலியவை எல்லாம் இதிலிருந்து கிளைத்த துணை அடையாளங்கள்.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

உப்பனாறு அண்ணனுக்கு வணக்கம். நான் பரம்பரையாக மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஃபைபர் படகில் எத்தனையோ முறை சுறாவைத் துண்டு போட்டிருக்கிறேன். சுறாவின் நடுமுதுகில் காசு அடுக்கியதைப் போல வட்டு வட்டாக ஓடும் தண்டு கத்தியை மழுக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கும். வெயிலில் காய்ந்த பிறகு அந்த வட்டைத் தரையில் போட்டால் கல் விழுந்த ஓசை கேட்கும். அதைக் காது மடலோடு ஒப்பிட்டால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். மறுபுறம், பெரிய கெளுத்தியின் தலையைத் தவிர்த்து, நெத்திலியையும் காரப்பொடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு மென்று விழுங்குகிறோம். கையால் தொட்டுக் கடினத்தைப் பார்த்து எலும்பு எது, குருத்தெலும்பு எது என்று சொல்ல இயலாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

தேவனாம்பட்டினத்து அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. நான் வெள்ளாற்றின் கழிமுகத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் படித்தவள். முதல் ஆண்டில் எங்களுக்கு இருந்த குழப்பமும் இதுதான்.

சுறாவின் முதுகுத்தண்டு வட்டுகள் கடினமாக இருப்பதற்குக் காரணம், அந்தக் குருத்தெலும்பின் மீது கால்சியம் உப்புகள் படிந்திருப்பதே. தாடையின் மேற்பரப்பிலும் தரையில் ஓடு பதித்ததைப் போலச் சிறு சிறு சுண்ணத் தகடுகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். கடினம் வந்துவிட்டது, ஆனால் திசுவின் உள்ளமைப்பு மாறவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் சங்கராவின் எலும்பும் சுறாவின் வட்டும் வெவ்வேறு திசுக்கள் என்பது ஒரே பார்வையில் விளங்கும். சந்தையில் நுண்ணோக்கி இல்லை. ஆகவே உப்பனாறு ஐயா சொல்லும் அடிப்படை சரியாக இருந்தாலும், கூடையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "குருத்தெலும்பு பழையது, எலும்பு பின்னர் வந்தது, எனவே சுறா தாழ்ந்த படி, சங்கரா உயர்ந்த படி" என்ற கருத்து நம் வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. மங்கோலியாவில் கிடைத்த, ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவச மீன் ஒன்றின் மண்டையோட்டைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அந்த மண்டையோட்டின் உட்புறத்தில் உண்மையான எலும்புத் திசு காணப்பட்டது. சுறாக்களும் எலும்பு மீன்களும் கிளை பிரிவதற்கு முன்பே எலும்பு தோன்றியிருக்கக்கூடும், சுறாவின் மூதாதைகள் அதைப் பின்னாளில் கைவிட்டிருக்கக்கூடும் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது. கனம் குறைந்த உடல் கடலில் நீந்தும் உயிருக்கு நன்மைதானே. எனவே சுறாவை முழுமை பெறாத மீனாகக் கருதுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. அப்படியானால் செவுள் மூடிக்கு வருவோம். அந்த மூடி என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத முடியுமா? மகள் என் அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

மகிழ்ச்சியுடன் எழுதுகிறேன். எலும்பு மீனின் உடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

வீட்டில் ஒரு கானாங்கெளுத்தி வாங்கியிருந்தால், ஆய்வதற்கு முன் அதன் வாயை அகலத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொண்டையின் இரு பக்கத்திலும் பறவையின் இறகைப் போன்ற நீண்ட இழைகள் வாய்க்குள்ளேயே தெரியும். அவை செவுள் அரிப்பற்கள். நீரோடு வரும் மிதவை உயிரிகளைச் சல்லடையைப் போல நின்று சலித்துத் தொண்டைக்கு அனுப்புபவை. இப்போது மீனைத் திருப்பிச் செவுள் மூடியைத் தூக்குங்கள். அதே வளைவுகளின் மறுபுறத்தில் சிவந்த சீப்பு வரிசைகள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 4 வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் இரண்டு வரிசை இழைகள். ஆக, உணவைச் சலிக்கும் சல்லடையும் மூச்சு விடும் உறுப்பும் ஒரே வளைவின் முன்பக்கமும் பின்பக்கமும் ஆகும். ஐந்தாவது வளைவு ஒன்றும் உண்டு. அது மூச்சுக்கு உதவாமல், பல மீன்களில் தொண்டைப் பற்களைத் தாங்கும் எலும்பாக மாறியிருக்கிறது.

அந்த 4 வளைவுகளும் ஒரே அறைக்குள் இருக்கின்றன. அறையின் வெளிக்கதவுதான் செவுள் மூடி. கதவு என்று சொன்னாலும் அது ஒற்றைப் பலகை இல்லை. சங்கராவைப் போன்ற மீன்களில் 4 தட்டை எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து அதை உருவாக்குகின்றன. கெளுத்தி இனங்களில் அவற்றுள் ஒன்று இல்லை. மூடியின் ஓரத்தில் மெல்லிய சவ்வு விளிம்பு உண்டு. அது உடலோடு படிந்து, வெளிநீர் உள்ளே வராமல் அடைத்துக்கொள்ளும்.

மீன் வாயைத் திறந்து, வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தும்போது நீர் உள்ளே வருகிறது. அடுத்த கணத்தில் மூடி வெளிப்புறமாக விரிவதால் செவுள் அறையில் அழுத்தம் குறைந்து, நீர் செவுள் இழைகளின் வழியே இழுக்கப்படுகிறது. பிறகு வாய் மூடி, அடித்தளம் உயர்ந்து, மீதி நீரைத் தள்ளுகிறது. கடைசியில் மூடியின் விளிம்பு திறந்து நீர் வெளியேறுகிறது. முன்னால் தள்ளும் பம்பு ஒன்று, பின்னால் இழுக்கும் பம்பு ஒன்று என இரண்டும் மாறி மாறி இயங்குவதால், மீன் ஓரிடத்தில் அசையாமல் நின்றாலும் செவுளின் மீது நீர் ஏறக்குறைய இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்க, ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர்கூட இருப்பதில்லை. கிடைக்கும் சிறிதளவையும் விடாமல் எடுக்க வேண்டும். அதனால்தான் செவுள் இழைகளின் நுண்தகடுகளில் இரத்தம் ஒரு திசையிலும் நீர் அதற்கு எதிர்த் திசையிலும் ஓடுகின்றன. ஒரே திசையில் ஓடினால் பாதி வழியிலேயே இரண்டிலும் ஆக்சிஜன் சமமாகி, பரிமாற்றம் நின்றுவிடும். எதிரெதிராக ஓடுவதால் கடைசி வரை நீரில் இருப்பது இரத்தத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே இருந்துகொண்டிருக்கும். திறமையான மீன்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனில் நூற்றுக்கு 80 பங்கு வரை எடுத்துக்கொள்கின்றன.

சுறாவுக்கு இந்த மூடி இல்லை. ஒவ்வொரு செவுளுக்கும் தனித்தனிப் பிளவு; பெரும்பாலான சுறாக்களில் 5, சிலவற்றில் 6 அல்லது 7. திருக்கையிலும் உழுவையிலும் அந்தப் பிளவுகள் அடிவயிற்றுப் பக்கம் இருக்கும். மணலில் படுத்திருக்கும்போது வாயால் நீரை இழுத்தால் மணலும் சேர்ந்து வரும் என்பதால், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத் திருக்கை நீரை உள்ளே எடுத்துக்கொள்கிறது. துறைமுகத்தில் திருக்கையைப் பார்க்கும்போது அந்தத் துளையைக் கண் என்று எண்ணிவிடாதீர்கள்.

உப்பனாறு எழுதியது:

விளக்கம் சிறப்பாக இருந்தது. ஆயினும் செவுள் மூடியை ஒரே அளவுகோலாக வைப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. மூன்று மீன்களைச் சொல்கிறேன்.

பாறை இடுக்கில் வாழும் அஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பைப் போன்ற உடல், செதில் இல்லை, மார்புத் துடுப்பும் இல்லை. செவுள் மூடி எங்கே இருக்கிறது? ஒரு சிறிய துளை மட்டுமே தெரிகிறது. பேத்தை மீனும் அப்படித்தான். மார்புத் துடுப்புக்கு முன்னால் ஒரு சிறு கீறல், அவ்வளவே. அந்த அம்மாள் சொன்ன விதிப்படி, தூக்கிப் பார்க்க மூடி இல்லாத இவை இரண்டும் முள் இல்லாத மீன்கள் ஆகிவிடும். உண்மையில் இரண்டும் எலும்பு மீன்களே.

மூன்றாவது, ஆழ்கடலில் வாழும் கைமீரா. அது சுறாவின் உறவு. எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. ஆனால் அதன் செவுள்களை ஒரு மூடி மறைத்திருக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

கைமீராவை நான் பார்த்ததில்லை. அஞ்சாலை வலையில் ஏறும். அதற்கு மூடி இல்லை என்று சொல்வதற்கு முன் அந்தத் துளைக்கு மேலுள்ள தோலை உரித்துப் பார்க்க வேண்டும். விலாங்கைச் சாம்பல் தடவி உரிக்கும்போது தலைக்குப் பின்னால் வழவழப்பான தோலுக்கு அடியில் மெல்லிய எலும்பு விரலுக்குத் தட்டுப்படும். மூடி இருக்கிறது; தோல் அதைப் போர்த்தியிருக்கிறது.

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

அண்ணன் கையால் கண்டதையே நூல்களும் சொல்கின்றன. விலாங்கு இனங்களில் மூடியின் எலும்புகள் சிறுத்துத் தோலுக்குள் புதைந்திருக்கின்றன. பேத்தையிலும் தடித்த தோல் போர்த்திய மூடிதான். அஞ்சாலை எப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து அது கடிக்க வருகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தச் சிறு துளை வழியே நீரைத் தள்ளுவதற்கு அது வாயை ஓயாமல் இயக்க வேண்டியிருக்கிறது. அது அதன் மூச்சு.

கைமீராவைப் பற்றி உப்பனாறு ஐயா சொன்னது உண்மை. அதன் மூடி சதையாலான மடிப்பு. அதற்குள் எலும்புத் தகடு இல்லை. ஆகவே நம் விதியைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். "மூடி இருக்கிறதா" என்று மட்டும் கேட்காமல், முதலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வெளித்துளை என்று எண்ண வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சுறா, திருக்கைக் கூட்டம். ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தத் துளையை மறைக்கும் மடிப்புக்குள் எலும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைமீரா நம் கூடைகளுக்கு வருவதில்லை என்பதால், கடலூர்த் துறைமுகத்தில் முதல் கேள்வியே போதும்.

ஐயாவின் வழியிலேயே நானும் ஒரு மீனைச் சொல்கிறேன். வட நாடுகளின் ஆறுகளில் ஸ்டர்ஜன் என்னும் மீன் உண்டு. கேவியர் எனப்படும் விலை உயர்ந்த சினை அதனுடையதுதான். அதன் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு. வாய் சுறாவைப் போல முகத்துக்கு அடியில் இருக்கிறது. வாலின் மேல் மடல் சுறாவைப் போலவே நீண்டிருக்கிறது. பாடநூல் பட்டியலை வைத்துப் பார்த்தால் அதைச் சுறாவோடுதான் சேர்ப்போம். ஆனால் அது எலும்பு மீன் வகுப்பைச் சேர்ந்தது. செவுளின் மீது எலும்பு மூடியும் உடலின் மீது எலும்புக் கேடயங்களும் தாங்கியிருக்கிறது. எலும்புக்கூடும் வாயும் வாலும் கைவிட்ட இடத்தில் செவுள் மூடி நிற்கிறது. அதனால்தான் நான் அந்த அம்மாளின் பக்கம் சாய்கிறேன்.

புதுவைச் சமையலறை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அருகில் எங்கள் வீடு. சமையலறைப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுறா வாங்கிப் புட்டுச் செய்து தருவது எங்கள் பக்கத்து வழக்கம். வேகவைத்து உதிர்க்கும்போது பொடிமுள் ஒன்றுகூட வராது. அதனால் குழந்தைகளுக்கும் அச்சமின்றித் தரலாம். ஆனால் சுறாவை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும் என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்வார். ஒரு நாள் தாமதித்தால் மூக்கைத் துளைக்கும் கார வாடை வந்துவிடும். திருக்கையிலும் அப்படியே. அதே அளவு நேரம் வைத்திருந்த சங்கராவில் அந்த வாடை வருவதில்லை. வேறு விதமான மீன் கவிச்சைதான் வரும். இதற்கும் எலும்பு, குருத்தெலும்பு வேறுபாட்டுக்கும் தொடர்பு உண்டா?

இரண்டாவது கேள்வி: எலும்பு மீன்களிலேயே வஞ்சிரத்துக்கும் வௌவாலுக்கும் நடுமுள்ளை எடுத்தால் வேலை முடிந்தது. உல்லத்திலும் கவலையிலும் சதைக்குள் மயிர் மயிராக முள் இருக்கிறது. எல்லாமே எலும்பு மீன் என்றால் ஏன் இந்த வேறுபாடு?

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

இரண்டுமே அருமையான கேள்விகள், அக்கா.

கார வாடைக்குக் காரணம் எலும்பு இல்லாமை அன்று. உப்பு நீரில் வாழ்வதற்கு இரு கூட்டங்களும் தேர்ந்துகொண்ட வெவ்வேறு வழிகள். கடல் நீர் மீனின் உடல்நீரைவிட உப்புச் செறிவு மிகுந்தது. எனவே உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசியும். சங்கரா போன்ற கடல்வாழ் எலும்பு மீன்கள் கடல் நீரையே குடித்து அந்த இழப்பை ஈடு செய்து, மிகுந்த உப்பைச் செவுளில் உள்ள தனி உயிரணுக்கள் வழியே வெளியேற்றுகின்றன. சுறாவும் திருக்கையும் யூரியாவை வெளியேற்றாமல் இரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்து, உடல்நீரின் செறிவைக் கடல் நீருக்கு நிகராக ஆக்கிக்கொள்கின்றன. மீன் இறந்த பிறகு நுண்ணுயிர்கள் அந்த யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. உங்கள் மூக்கைத் துளைப்பது அதுதான். உங்கள் மாமியாரின் கண்டிப்புக்கு முழு நியாயம் உண்டு.

பொடிமுள்ளைப் பொறுத்தவரை, அவை நடுமுள்ளிலிருந்து கிளைத்தவை அல்ல. மீனின் தசை, வெந்த பிறகு இதழ் இதழாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இதழ்களுக்கு இடையே மெல்லிய இணைப்புத் திசுச் சவ்வுகள் இருக்கின்றன. கவலை, உல்லம், பால் கெண்டை, குளத்துக் கெண்டை ஆகிய மீன்களில் அந்தச் சவ்வுகளுக்குள்ளேயே தசைநார்கள் எலும்பாக இறுகி, எதனோடும் ஒட்டாமல் தனித்து மிதக்கும் முட்களாகின்றன; பல, கவட்டைக் குச்சியைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுமுள்ளை உருவினாலும் அவை சதையில் தங்கிவிடுவது அதனால்தான். வஞ்சிரம், வௌவால், சங்கரா ஆகியவை இன்னொரு பெருங்கிளையைச் சேர்ந்தவை. அந்தக் கிளையில் இவ்வகை முட்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

காற்றுப்பையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதைப் பாடநூல் எலும்பு மீனின் அடையாளமாகச் சொல்கிறது என்று கேள்விப்பட்டேன். கூரல், கத்தாழை மீன்களின் காற்றுப்பையை நாங்கள் நெட்டி என்போம். மீனைவிட அதற்கு விலை மிகுதி என்பதால், வயிற்றைக் கீறும்போது பை கிழியாமல் எடுப்பது ஒரு கைத்திறன். ஆனால் வஞ்சிரத்தை எத்தனையோ முறை கீறியிருக்கிறேன். அதில் அப்படி ஒரு பையை நான் கண்டதில்லை. நாக்கு மீனிலும் இல்லை.

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

அண்ணனின் கண்ணுக்கு என் வணக்கம். உடலில் பட்டை பட்டையாகக் கோடுகள் உள்ள பெரிய வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை இல்லை என்பது உறுதியான செய்தி. நாக்கு மீன் வளர்ந்த பிறகு தரையோடு தரையாகக் கிடப்பதால் அதற்கு மிதக்கும் பை தேவைப்படுவதில்லை.

காற்றுப்பையின் வேலை, மீன் தன் எடையை நீரின் எடையோடு சமன் செய்துகொண்டு, நீந்தாமலே ஓரிடத்தில் நிற்க உதவுவது. எலும்பு நீரைவிடக் கனமானது. அதைச் சுமக்கும் உடலுக்கு ஈடாக ஒரு காற்றுக் குமிழி வேண்டும். கடல் மீன்களில் உடலின் கன அளவில் நூற்றுக்கு 5 பங்கு அளவுள்ள பை இதற்குப் போதும். உப்பற்ற நீர் மிதக்க வைக்கும் திறன் குறைந்தது என்பதால் குளத்து மீனுக்கு 7 பங்கு வேண்டும். சுறாவுக்கு இந்தப் பை எப்போதும் இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலும், கனம் குறைந்த எலும்புக்கூடும் அதற்கு ஓரளவு உதவுகின்றன. ஆகவே, பை இருந்தால் எலும்பு மீன் என்று துணிந்து சொல்லலாம். பை இல்லாவிட்டால் சுறா என்று சொல்லிவிட முடியாது.

பன்னா, கத்தாழை இனங்களில் இந்தப் பை இன்னொரு வேலையும் செய்கிறது. பையை ஒட்டிய தசைகள் வேகமாக அதிரும்போது அது முரசைப் போல ஒலிக்கிறது. வலையிலிருந்து எடுத்த பன்னா கையில் கொர் கொர் என்று ஒலி எழுப்புவது இதனால்தான். கெளுத்தியிலும் கெண்டையிலும் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் நடுவே சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று இருக்கிறது. நீரில் வரும் அதிர்வைப் பை வாங்க, அந்த எலும்புகள் செவிக்குக் கடத்துகின்றன.

உப்பனாறு எழுதியது:

செதிலும் இப்படித்தான் கைவிடுகிறது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். சுறாவின் செதில் பல்லின் அமைப்பைக் கொண்டது. வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் உப்புத்தாளைப் போலச் சொரசொரக்கும். சுறா வளரும்போது புதுச் செதில்கள் முளைக்கின்றன. சங்கராவிலோ எண்ணிக்கை மாறாமல் அதே செதில்கள் பெரிதாகின்றன. வேறுபாடு தெளிவானது. ஆனால் கெளுத்திக்கும் வாளைக்கும் செதிலே இல்லை. வாளைக்கு வால் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும்கூட இல்லை.

எனினும் வாலைப் பற்றி ஒரு செய்தியை உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புகிறேன், ஐயா. அடுத்த முறை சங்கரா வறுத்துச் சாப்பிட்டபின் வாலை எறிந்துவிடாமல், துடுப்பு தொடங்கும் இடத்தில் உள்ள சதையை நகத்தால் வழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுமுள் அங்கே வந்து சட்டென்று முடிந்து, பனையோலை விசிறியைப் போன்ற தட்டை எலும்புகளாக விரிந்திருக்கும். துடுப்பின் கதிர்கள் அந்த விசிறியின் விளிம்பிலிருந்து கிளம்புகின்றன. சுறாவில் அப்படி இல்லை. முதுகுத்தண்டு வளைந்து மேல் மடலின் நுனி வரை ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் வடிவ வேறுபாடாகத் தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டும் வேறு கட்டுமானங்கள்.

புதுவைச் சமையலறை எழுதியது:

இன்று மதியமே பார்த்துவிட்டேன். ஐயா சொன்ன விசிறி அப்படியே இருந்தது. 20 ஆண்டுகளாக அதைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

பரங்கிப்பேட்டை மாணவி எழுதியது:

வால் வரை வந்துவிட்டதால், மறுபடியும் மூடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் எலும்பைச் சொல்லி என் பங்கை முடிக்கிறேன். மீனின் மண்டையோட்டிலிருந்து தொங்கி, தாடையைத் தாங்கி, செவுள் மூடியோடும் மூட்டால் இணைந்திருக்கும் தடித்த எலும்பு ஒன்று உண்டு. எலும்பு மீன்களில் சதைப் பிடிப்புள்ள மடல் துடுப்புகளைக் கொண்ட ஒரு கிளையிலிருந்து தரைவாழ் முதுகெலும்பிகள் தோன்றின. அந்தக் கிளையில் முற்றும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு சிக்கியது பலருக்கும் நினைவிருக்கும். தரைக்கு வந்த உயிர்களில் செவுள் மூடி மறைந்தது. அதைத் தாங்கிய எலும்பு சிறுத்து நடுச்செவிக்குள் சென்றது. நம் காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு அதன் வழிவந்ததே. கெடிலக்கரை ஐயாவின் மகள், அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டது இந்த எலும்பின் துணையோடுதான்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் எங்கள் இருவரின் நன்றி. இந்த ஞாயிறும் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். ஒரு பன்னாவை வாங்கி வந்து, தலையை வேகவைத்து, மண்டையோட்டின் அடிப்பகுதியைப் பிளந்தோம். இருபுறமும் பீங்கான் துண்டைப் போல வெளுத்த செவிக்கற்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றைத் தேய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. நாளுக்கு ஒன்றாகப் படியும் நுண்வளையங்களும் அந்தக் கல்லில் உண்டு என்று 1971இல் கண்டறியப்பட்டதை மகளே தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். பருவ மாற்றம் அதிகமில்லாத நம் வெப்பக் கடல்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழாமல் போகலாம் என்பதால், இளம் மீன்களின் வயதை அறிய அந்த நாள் வளையங்களே பெரிதும் உதவுகின்றனவாம்.

அந்த அம்மாளையும் பார்த்தோம். ஒரு கூடையில் அஞ்சாலை கிடந்தது. மகள் அதைக் காட்டி, "இதற்கு மூடி தெரியவில்லையே, இது எந்தப் பக்கம், அத்தை?" என்று கேட்டாள். அவர் அதன் கழுத்தைத் திருப்பி அந்தச் சிறு துளையில் சுண்டுவிரலை வைத்து, "ஓட்டை ஒண்ணுதானே இருக்கு? அப்ப முள்ளு மீனுதான். சுறாவுக்கு அஞ்சு இருக்கும், எண்ணிப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கவலையை நிறுக்கத் தொடங்கினார்.